தாத்தாவின் பொம்மை வீடு: புதுப்பிப்பதா, உள்ளபடி விடுவதா, செப்பனிடுவதா

என் தாத்தா தச்சர். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் கேட்டோ மேனர் பகுதியில், மரச்சட்டத்தின்மேல் நெளிதகரம் அடித்த வீட்டில் குடும்பம் வாழ்ந்த காலத்தில், 1950களின் தொடக்கத்தில், தம் மூத்த மகளான என் அத்தைக்கு அந்த வீட்டைப் போலவே ஒரு பொம்மை வீடு செய்து கொடுத்தார். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி 1958இல் கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்ட பிறகு, அங்கிருந்த ஆயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்களைப் போல எங்கள் குடும்பமும் 1960களில் இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்ந்தது. பெரிய வீடு இடிபட்டது. சிறிய வீடு மட்டும் பாத்திரங்களோடும் மெத்தைகளோடும் லாரியில் ஏறி வந்து, அத்தையின் அலமாரி உச்சியில் அறுபது ஆண்டுகள் இருந்துவிட்டு, இவ்வாண்டு என் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

அதன் இப்போதைய நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு அறைகளும் முன்புறம் ஒரு வராந்தாவும் பின்புறம் ஒட்டிக்கட்டிய சமையலறையும் கொண்ட அந்த வீட்டின் கூரைத் தகரம் துருவேறி, ஒரு பக்கத்தில் பாதி உதிர்ந்துவிட்டது. ஒரு சுவர் பட்டை விட்டுப் பிதுங்கியிருக்கிறது. உட்சுவர்களில் ஒட்டிய தாள்களை இராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. வெளிப்பூச்சு பச்சையும் பாலாடை நிறமும் கலந்தது. கைபடும் மூலைகளில் தேய்ந்து மரம் தெரிகிறது. அறைகலன்களில் எஞ்சியவை ஐந்தே ஐந்து.

இதை என்ன செய்வது என்பதில் வீட்டில் மூன்று கருத்துகள் இருந்தன. முழுவதும் சுரண்டி, புது வண்ணம் பூசி, புதுக்கூரை போட்டு, ஆறு வயதான என் பேத்தி விளையாடக் கொடுத்துவிடலாம் என்றார் தம்பி. யாரும் கை வைக்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும் என்றாள் அத்தையின் மகள். பழுதானதை மட்டும் சரிசெய்து, அக்காலத்து வீடாகவே தட்டுமுட்டுச் சாமான்களோடு அமைக்க வேண்டும் என்பது என் எண்ணமாக இருந்தது. ஒவ்வொன்றையும் நேர்மையாக எடைபோட எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. பழைய பொம்மை வீடு ஒன்றை வைத்துக்கொண்டு இதே இடத்தில் நிற்பவர்கள் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இருக்கக்கூடும் என்பதால், நான் எண்ணிப் பார்த்தவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வீடு தொழிற்சாலையில் செய்ததா, ஒருவர் கையால் செய்ததா என்பது. லைன்ஸ் சகோதரர் மூவர் 1919இல் இங்கிலாந்தில் தொடங்கிய நிறுவனம், மூன்று கோடுகள் சேர்ந்தால் முக்கோணம் என்ற பொருளில் டிரையாங் என்று பெயரிட்டு விற்ற பொம்மை வீடுகள் ஒரே அச்சில் பல நூறாக வெளிவந்தவை. அவற்றில் ஒன்றின் தகரச் சன்னல் உடைந்தால், அதே மாதிரியில் வேறொன்றைத் தேடி எடுக்கலாம். எந்த நிறம் இருந்தது என்று பழைய விற்பனைப் பட்டியலில் பார்க்கலாம். ஒன்றை முழுதும் புதுப்பித்துவிட்டாலும் அதன் உடன்பிறப்புகள் உலகில் இருக்கும். கையால் செய்ததற்கு உடன்பிறப்பு கிடையாது. தாத்தா பின்பலகைக்குத் தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையை எடுத்திருக்கிறார். பெட்டியில் அச்சடித்திருந்த கறுப்பு எழுத்துகளின் பாதி, சமையலறைச் சுவருக்குப் பின்னால் இன்றும் தெரிகிறது. வாசற்படிக்கு அடியில் பென்சிலால் போட்ட அளவுக்கோடுகளும், ஒரு கோடு தவறிப்போய் அதை அடித்துவிட்டு வேறு கோடு போட்ட தடமும் இருக்கின்றன. தாத்தாவின் கையெழுத்து என்று எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

இந்த ஒரு காரணத்தால் தம்பியின் யோசனை எனக்குக் கடினமாகிவிட்டது, ஆனாலும் அதன் நன்மைகளை மறைக்க விரும்பவில்லை. முழுப் புதுப்பிப்பில் வீடு உறுதியாகும். சதுரம் தவறிய மூலைகள் நேராகும். பார்ப்பவர்களுக்கு உடனே பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைக்காகச் செய்த பொருள் மறுபடியும் குழந்தையிடமே போய்ச் சேரும். அதற்கு எதிரான முதற்பெரும் தடை ஈயம். அக்காலத்து எனாமல் வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பது இயல்பு. தென்னாப்பிரிக்காவில் வண்ணப்பூச்சில் பத்து இலட்சத்தில் 600 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்று விதி வந்ததே 2009இல்தான். எனவே பழைய பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதும் தீச்சூட்டில் உருக்கிச் சுரண்டுவதும், நச்சுத் தூசியையும் புகையையும் வீட்டுக்குள் நாமே பரப்புவதாகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் மிகச் சிறிய அளவிலேயே பாதிக்கிறது. எங்கள் பொம்மை வீட்டின் பூச்சை ஈயச் சோதனைக் குச்சியால் இரண்டு இடங்களில் தொட்டுப் பார்த்தேன். இரண்டிலும் நிறம் மாறியது. புதுப்பித்தே தீர வேண்டும் என்போர் நீரால் நனைத்து, முகமூடி அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்துச் செய்ய வேண்டும்; அல்லது பழைய பூச்சைக் கிளறாமல் அதன்மேல் புதிய பூச்சை ஏற்றி மூடிவிட வேண்டும். மூடியபின்னும் குழந்தை கடித்தால் அடிப்பூச்சு வெளிவரத்தான் செய்யும்.

நகரிலுள்ள ஒரு பழம்பொருள் கடையில் இதைக் காட்டியபோது, ஒரே வாரத்தில் மணலடித்துப் புத்தம் புதியதாக்கித் தருகிறோம் என்றார்கள். தேயிலைப் பெட்டியின் எழுத்தைப் பற்றிக் கேட்டேன். அதுவும் போய்விடும், அழுக்குத்தானே என்று பதில் வந்தது. வீட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

கை வைக்காமல் காப்பது என்ற இரண்டாம் வழி கேட்பதற்கு அடக்கமானது, செலவில்லாதது, தவறு செய்ய இடமில்லாதது போலத் தோன்றும். ஆனால் இந்தக் கடற்கரையில் ஒரு மரப்பொருளை அப்படியே விடுவது என்பது அதைப் பூச்சியிடமும் உப்புக்காற்றிடமும் ஒப்படைப்பதுதான். டர்பனில் உலர்மரக் கறையான் உண்டு. மண்ணோடு தொடர்பே இல்லாமல், ஒரு நாற்காலிக் காலுக்குள்ளேயே கூட்டமாக வாழ்ந்து தீர்த்துவிடக்கூடியது அது. மணல் போன்ற சிறு உருண்டைகள் அலமாரியில் குவிந்து கிடந்தால், ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்; ஆறு பட்டைகள் தெரிந்தால் அது கறையானின் எச்சம். எங்கள் பொம்மை வீட்டின் கீழே அப்படி ஒரு சிறு குவியல் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தால், பெட்டிக்குள்ளேயே அது உளுத்துப் போயிருக்கும்.

பூச்சியைக் கொல்ல நஞ்சு தெளிப்பதைவிட உறைகுளிர் நல்லது என்பது என் முடிவு. பொருளை இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, பெரிய டீப் ஃப்ரீசரில் பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின்னும் ஒரு நாள் முழுவதும் உறையைப் பிரிக்காமல் விட்டால், முட்டை உட்பட எல்லாம் அழியும். உறையைப் பிரிக்காமல் விடுவது, வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த மரத்தில் பனியாகப் படியாதிருக்க. எங்கள் உறவினர் ஒருவர் வீட்டு ஃப்ரீசரைக் காலிசெய்து தந்தார். பூச்சி தீர்ந்ததா என்பதை, அடுத்த மூன்று மாதம் வீட்டுக்கு அடியில் கறுப்புத் தாள் விரித்து வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த வேலை முதலில் நடக்க வேண்டும்.

எனவே மூன்றாம் வழிக்கு வந்தேன். நிலைப்படுத்துவது, விழுந்ததை நிறுத்துவது, இல்லாததை மட்டும் சேர்ப்பது, சேர்த்ததைப் பின்னால் வருபவர் விரும்பினால் கழற்றிவிட முடிகிறபடி சேர்ப்பது. கடைசி நிபந்தனைதான் பொருள்களைத் தேர்வதற்கு வழிகாட்டியது. பிதுங்கிய சுவரை ஒட்டுவதற்கு எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் வெள்ளை மரப்பசை, நாம் இங்கே கோல்டு க்ளூ (குளிர்பசை) என்பது, வலுவானதும் எளிதானதும்தான். ஆனால் காய்ந்துவிட்டால் மரத்தின் இழையைப் பிய்க்காமல் அதைப் பிரிப்பது அரிது. தாத்தா பயன்படுத்தியது வஜ்ஜிரம். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சிச் செய்யும் அந்தப் பழைய தச்சர் பசை, வெதுவெதுப்பான நீர்பட்டால் இளகிவிடும். பழைய வஜ்ஜிரத்தோடு புதிய வஜ்ஜிரம் நன்றாகவே சேரும். மணத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், சூடு ஆறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும், மழைக்காலத்தில் காய நாளாகும். இத்தனை தொல்லையும் தகும் என்றே நினைக்கிறேன்.

அழுக்கைப் பஞ்சுக்குச்சியில் வாலைவடிநீரும் ஒரு சொட்டு மென்சோப்பும் தொட்டு, மறைவான மூலையில் சோதித்துவிட்டு, விரல்நக அகலம் விரல்நக அகலமாகத் துடைத்தேன். பூச்சு போன இடங்களில், முதலில் நிறமற்ற வார்னிஷ் படலம் ஒன்று இட்டு, அதன்மேல் நீர்வண்ணத்தால் நிறத்தைச் சற்றே குறைத்துப் பூசினேன். இரண்டடி தள்ளி நின்றால் கண்ணை உறுத்தாது, அருகில் வந்தால் எது பழையது எது புதியது என்று தெரியும்.

கூரைதான் நீண்ட நேரம் என்னைக் குழப்பியது. எஞ்சிய பழைய தகரத்தில் துருவைச் சுரண்டிப் பளபளப்பாக்குவதா, துருவோடு விடுவதா? இரண்டுக்கும் நடுவில் டானிக் அமிலம் இருக்கிறது. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான டானின் வகையைச் சேர்ந்த அது, துருவோடு சேர்ந்து கருநீலமான உறுதியான படலமாகி, மேலும் துருப்பிடிப்பதைத் தடுக்கிறது. நிறம் கறுத்துவிடும் என்பது அதன் குறை. நான் அதையே தேர்ந்தேன், மேலே மெல்லிய மெழுகும் பூசினேன். உதிர்ந்துபோன பாதிக்கு, உண்மையான நெளிதகரத்தின் ஒரு நெளிவு 76 மில்லிமீட்டர் என்ற கணக்கை வைத்து, அதன் சிற்றளவான 4.75 மில்லிமீட்டர் இடைவெளியில் கம்பிகளைப் பலகையில் ஒட்டி அச்சு செய்து, அலுமினியத் தட்டை அதன்மேல் வைத்து மரக்குச்சியால் அழுத்தி எடுத்தேன். புதியதும் பழையதும் சேருமிடம் தெரியத்தான் செய்கிறது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த 4.75 எங்கிருந்து வந்தது என்பதில்தான் இரண்டாம் பெரிய முடிவு, அதாவது அறைகலன்களைப் பற்றிய முடிவு, அடங்கியிருக்கிறது. பொம்மை வீட்டுக்குச் சாமான் வாங்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அழகைப் பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்து ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அளவைப் பார்க்கவில்லை. உலகெங்கும் சேகரிப்போர் பின்பற்றும் அளவு 1:12. ஓர் அடிக்கு ஓர் அங்குலம். எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1921 முதல் 1924 வரை கட்டப்பட்டு, இன்று விண்ட்சர் கோட்டையில் இருக்கும் மேரி அரசியின் பொம்மை வீடு இந்த அளவில் ஆனது. ஸ்வீடன் நாட்டு லுண்ட்பி நிறுவனத்தின் பொம்மை வீடுகளின் அளவு 1:18. பழைய ஆங்கிலேயப் பொம்மைச் சாமான்களில் 1:16 மிகுதி. உங்கள் வீடு எது என்று அறிய ஒரே வழி கதவை அளப்பது. இந்நாட்டு வீட்டுக்கதவின் வழக்கமான உயரம் 2032 மில்லிமீட்டர். எங்கள் பொம்மை வீட்டின் வாசற்கதவு 127 மில்லிமீட்டர். வகுத்தால் மிகச் சரியாக 16 வந்தது. தாத்தா ஆறடி எட்டங்குலக் கதவை ஐந்தங்குலமாக்கியிருக்கிறார், ஓரடிக்கு முக்கால் அங்குலம் என்று மனத்தில் வைத்துக்கொண்டு. அந்தக் கணக்கைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கியது.

450 மில்லிமீட்டர் உயரமுள்ள நாற்காலி இருக்கை 1:12இல் 37.5 மில்லிமீட்டர், 1:16இல் 28, 1:18இல் 25. இந்தக் கணக்கில், கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் 1:12 சாமான்கள் எங்கள் வீட்டில் அரக்கர் சாமான்கள் போல நிற்கும். லுண்ட்பி நாற்காலி சற்றே சிறியதாக இருந்தாலும் பொருந்திவிடும். பழைய 1:16 சாமான்களை ஏலத்தில் வாங்கலாம். அவை காலத்தாலும் அளவாலும் பொருந்துபவை, உறுதியானவை. ஆனால் அவை எந்த வீட்டின் சாமான்கள்? கணப்படுப்பும் இறகுமெத்தைக் கட்டிலும் தேநீர்த் தள்ளுவண்டியும் இங்கிலாந்தின் புறநகர் வீட்டுக்கு உரியவை. கேட்டோ மேனரில் இருந்த தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குச் சாமான் செய்து விற்ற தொழிற்சாலை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. இதனால்தான், காசு கொடுத்து வாங்குவதா கையால் செய்வதா என்ற ஒப்பீடு மற்றவர்களுக்கு எப்படியோ, எங்களைப் போன்றோருக்குத் தானாகவே பாதி தீர்ந்துவிடுகிறது.

முப்பரிமாண அச்சு என்று இன்னொரு வழி வந்திருக்கிறது. அம்மியையும் குழவியையும் கணினியில் வரைந்து, எந்த அளவிலும் அச்சிட்டுக்கொள்ளலாம். என் மருமகன் ஒரு வெல்கம் டோவர் கரியடுப்பை அப்படி அச்சிட்டுக் கொடுத்தார். நான்கு கால்களும் தட்டுகளும் புகைபோக்கியும் துல்லியமாக இருந்தன. கறுப்புப் பூச்சும் சிறிது பென்சில் தூளும் தேய்த்ததும் வார்ப்பிரும்பு என்றே சொல்லலாம். உலோகத்துக்கும் கல்லுக்கும் இந்த வழி பொருத்தம். மரச்சாமானுக்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் அச்சின் படலக் கோடுகள் மரத்தின் இழையோட்டம் போல இல்லை, எவ்வளவு வண்ணம் தீட்டினாலும் கண் ஏற்கவில்லை. அக்காலத்து முன்னறையில் பெருமையாக வைத்திருந்த, உருண்டையைப் பற்றிய பறவைநகம் போன்ற கால்களைக் கொண்ட ‘பால் அண்ட் கிளா’ நாற்காலிகளை நான் மரத்தில்தான் செதுக்கினேன். ஒரு காலுக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. அதைச் செய்ய நேரமும் கைப்பழக்கமும் இல்லாதவர்கள் அந்த நாற்காலியை விட்டுவிட்டு நேர்க்கால் நாற்காலி செய்வதில் தவறில்லை.

எஞ்சியிருந்த ஐந்து சாமான்களே எனக்குச் சிறந்த பாடமாக இருந்தன. ஆயா, அதாவது என் பாட்டி, செய்தவை அவை: நூற்கண்டுக் கட்டையில் இரண்டு முக்காலிகள், நான்கு லயன் தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டிய இழுப்பறை, சேலைக்கரையைத் தைத்த ஒரு மெத்தை விரிப்பு, பித்தளைப் பொத்தான்மேல் குண்டூசி நிறுத்திய காமாட்சி விளக்கு. லயன் தீப்பெட்டி டர்பனிலேயே செய்யப்பட்டது. அக்காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது. அளவு பார்த்தால் இழுப்பறை சிறிது பெரிது, முக்காலி சிறிது உயரம். அவற்றை ஒதுக்கிவிட்டுத் துல்லியமான சாமான்களால் நிரப்புவதா, அவற்றை வைத்துக்கொண்டு மற்றதை அவற்றின் போக்கிலேயே செய்வதா என்று எண்ணியபோது, என் கையில் இருந்த பால் அண்ட் கிளா நாற்காலியே எனக்கு அந்நியமாகப் பட்டது. இப்போது முன்னறையில் ஒரேயொரு செதுக்கிய நாற்காலி இருக்கிறது; மற்ற மூன்று அறைகளிலும் பெட்டியும் கட்டையும் துணித்துண்டும் கொண்டு செய்தவையே இருக்கின்றன.

சுவர்த்தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய தாள் பாதிக்கு மேல் இருந்தால் காப்பாற்றுங்கள். பசையாகக் கோதுமை மாச்சத்து போதும், நீர் பட்டால் விட்டுக்கொடுக்கும். விளக்கொளிக்கு 12 வோல்ட் கம்பி இழுப்பதைவிட 3 வோல்ட் எல்இடி எளிது, சூடாகாது. 2700 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் ஒளியை எடுத்தால் மண்ணெண்ணெய் விளக்கின் சாயல் வரும். ஆனால் பொத்தான் வடிவ பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். குழந்தைகள் தொடும் வீட்டில் திருகாணி போட்டு மூடும் பேட்டரிப் பெட்டியைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள்.

அறைகள் எப்படி இருந்தன என்பதற்கு, இங்குள்ள இந்திய வம்சாவளியினரின் வரலாற்றைக் காட்டும் டர்பனின் 1860 பாரம்பரிய மையமும், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுத்துலி ஆவண மையமும் தேடிச் செல்லத் தக்க இடங்கள். ஆனால் புகைப்படம் எடுக்க மக்கள் பெரும்பாலும் வாசலில்தான் நின்றார்கள். சமையலறையை யாரும் படம் எடுக்கவில்லை. அதற்கு அத்தையைத்தான் கேட்க வேண்டியிருந்தது. “அடுப்புக்கு வலப்பக்கம் அம்மி, ஜன்னலுக்குக் கீழே தண்ணித் தகரம். நீ இடப்பக்கம் வச்சிருக்கிற, கண்ணு” என்று அவர் திருத்தினார். இடம் மாற்றினேன்.

இனித் தம்பியின் யோசனை. பேத்தியைப் பற்றி அவர் சொன்னது சரியென்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஈயப்பூச்சுள்ள வீட்டை அவளிடம் கொடுக்கவும் முடியாது, தாத்தா செய்தது அவளுக்குக் கிடையாது என்று சொல்லவும் மனமில்லை. கடைசியில், மூன்று வழிகளிலும் இல்லாத நான்காவது ஒன்றைச் செய்தோம். தாத்தாவின் பென்சில் கோடுகளைத் தாளில் படியெடுத்து, அதே அளவில் புதிய ஒட்டுப்பலகையில் இன்னொரு வீடு அறுத்தோம். தம்பியே அறுத்தார். நான்கு சனிக்கிழமைகள் பிடித்தன. அதன் வண்ணம் குழந்தைப் பொருள்களுக்கு உகந்தது, மூலைகள் மழுக்கியவை, சாமான்கள் தீப்பெட்டியால் ஆனவை. அவள் அதன் கதவை ஊதா நிறமாக்கிவிட்டாள்.

பழைய வீட்டில் ஒரே ஒரு வேலை பாக்கியிருக்கிறது. சாமி அறையின் மேற்குச் சுவரில் ஒரு சிறு ஆணி இருக்கிறது. அதில் எந்தச் சாமி படம் தொங்கியது என்று அத்தைக்கு நினைவில்லை. முருகன் என்று நான் ஊகித்து ஒட்டிவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் டொங்காட்டில் இருக்கும் சின்ன அத்தை தைப்பூசக் காவடிக்கு வரும்போது ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதுவரை அந்த ஆணி வெறுமையாகவே இருக்கும்.